பரணிலிருந்து இறங்கிய உளி!

என் அப்பா தச்சர். ஊரில் பாதி வீட்டுக் கதவுகள் அவர் இழைத்தவை. ஆனால், பெண் பிள்ளைகளான எங்களை உளியைத் தொட விடமாட்டார். "கையைக் கிழிச்சுக்கிட்டா யாரு கட்டிக்குவா?" என்பார். அவர் காலமான பின், ரம்பம், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் ஒரு சாக்கு மூட்டையாக என்னிடம் வந்து, பரணில் கிடந்தன.

மூன்று வருஷத்துக்கு முன், ஒன்பதாம் வகுப்பு படித்த என் மகள், தரையில் குனிந்து எழுதி எழுதி, "முதுகு வலிக்குதும்மா" என்று அழுதாள். கடையில் தேக்கு மேஜை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தச் சமயம், அப்பாவின் வீட்டை இடித்தார்கள். அவர் செய்த தேக்குக் கதவை விறகு விலைக்குக் கேட்டனர். கொடுக்க மனமில்லாமல், வண்டி வைத்து எடுத்து வந்தேன்.

கொல்லைத் தாழ்வாரம்தான் பட்டறை. "பொம்பளை உளி பிடிச்சா வீடு விளங்குமா?" என்றார் மாமியார். என்னவர் ஒன்றும் சொல்லாமல், பலகையை அசையாமல் பிடித்துக் கொண்டார்.

தெருக்கோடி ஆசாரித் தாத்தா வழி சொன்னார்: "நாற்காலியில உட்கார்ந்து முழங்கையை மடக்கினா எந்த உயரமோ, அதுதாம்மா மேஜை உயரம்." மகளுக்கு 27 அங்குலம் வந்தது. "ஆணியை நம்பாதே. கால்ல சதுரமா துளை போட்டு, சட்டத்து முனையைச் செதுக்கி அதுல இறக்கு" என்றார். அவசரத்தில் ஓங்கி அடித்து, முதல் காலைப் பிளந்தேன். அடுத்ததில்தான் நிதானம் வந்தது.

மேல் பலகைக்கு மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல், மூன்று பலகைகளை நெருக்கி வைத்து, சுற்றிலும் ஆணி அடித்தேன். அது சித்திரை மாதம். ஐப்பசி மழையில் பலகை உப்பி, ஆணிகள் கிளம்பி விட்டன. "நான் அப்பவே சொல்லலை?" என்றார் மாமியார். எனக்கு அழுகையே வந்து விட்டது.

தாத்தா சிரித்தார். "எத்தனை வருஷத்து மரமானாலும் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நீளத்துல தெரியாது, அகலத்துலதான். அதுக்கு இடம் விடணும்மா!"

ஆணிகளைப் பிடுங்கினேன். பலகை ஓரங்களை இழைத்து, நடுவே மெல்லிய இடைவெளி விட்டேன். சட்டத்தில் துளைகளை நீளவாக்கில் அகட்டி, அடியிலிருந்து திருகாணி போட்டேன். அதன்பின் இரண்டு மழைக்காலம் போய் விட்டது; மேஜை அசையவில்லை. பிளஸ் டூ வரை அதில்தான் படித்தாள் மகள்.

போன மாதம் அவள், "அம்மா, நானும் ஒரு புத்தக அலமாரி செய்யட்டுமா?" என்று உளியை எடுத்தாள். "கையைக் கிழிச்சுக்குவே" என்று வாய் வரை வந்து விட்டது. விழுங்கிக் கொண்டு, "இடது கை எப்பவும் உளிக்குப் பின்னாடிதான் இருக்கணும்" என்று பிடித்துக் காட்டினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கருவிகள் இருக்கிறதா? எடைக்குப் போடுமுன், ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.