கடையில் கிடைக்காத தோட்டா

அமெரிக்காவில் தொலைவில் ஓடும் கயோட்டி நரியைச் சுட, சிலருக்குக் கடைத் தோட்டா போதவில்லை. பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை மட்டும் அச்சில் அழுத்திக் குறுக்கி, சின்னக் குண்டைச் செருகினார்கள். வெடிமருந்து தாராளம், குண்டு இலேசு, வேகம் எகிறியது. கம்பெனி தயாரிக்காத இந்த ரகத்துக்கு ‘வைல்ட்கேட்’ என்று பெயர். துப்பாக்கிக் குழலையும் அதே அளவுக்குக் கடைந்தாக வேண்டும்!

.250 சாவேஜ் என்ற தோட்டாவின் கூட்டிலிருந்து 1930-களில் பிறந்த வைல்ட்கேட்தான் .22-250. 1963-இல் பிரௌனிங் நிறுவனம் இதற்கென்றே துப்பாக்கி விற்றது. வேடிக்கை என்னவென்றால், அப்போது கடையில் இந்தத் தோட்டா கிடையாது. வாங்கியவர் தாமே மருந்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். ரெமிங்டன் நிறுவனம் 1965-இல்தான் இதைத் தயாரிக்க முன்வந்தது.