குதிரை, தொப்பி, துப்பாக்கி – 9: குப்பைத்தொட்டிக்குள் ஒரு பீரங்கி

‘ஷேன்’ படத்தின் நாயகன் ஷேன் மலையிலிருந்து இறங்கி வந்து, ஸ்டாரெட் என்ற குடியானவரின் வீட்டில் பண்ணையாளாகச் சேர்ந்து, துப்பாக்கியைப் போர்வைக்குள் சுருட்டி வைத்ததோடு போன வாரம் நிறுத்தினோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் குதிரைமேல் போகிறவன் உயிரோடுதான் போகிறானா என்ற வழக்கை இந்த வாரம் எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். எடுக்க விடாமல் ஒரு சத்தம் குறுக்கே வந்துவிட்டது.

துப்பாக்கிச் சத்தம்தான்.

அந்தக் காலத்து கௌபாய் படங்களில் துப்பாக்கி, பொட்டு வெடி மாதிரிதான் வெடிக்கும். குண்டு பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இடம் பார்த்துச் சரிவான். 1953-இல் வந்த ‘ஷேன்’ அந்த வழக்கத்தை உடைத்தது. ஒரு சிறு பீரங்கியைக் குப்பைத்தொட்டிக்குள் வெடிக்கவைத்து, அந்தச் சத்தத்தைத்தான் துப்பாக்கிக்குச் சேர்த்தார் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் என்பார்கள். பேச்செல்லாம் தணிந்த குரலில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு வெடி. நாற்காலியில் இருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

ஸ்டீவன்ஸ் ஆரம்ப காலத்தில் லாரல்-ஹார்டி படங்களின் ஒளிப்பதிவாளர். 1939-இல் அவர் எடுத்த ‘கங்கா தின்’னில் சண்டை என்பது கும்மாளம். பிறகு போர் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவோடு ஐரோப்பா போனார். 1945-இல் டாக்கௌ வதைமுகாமுக்குள் கேமராவோடு நுழைந்தார். அவர் குழு எடுத்த காட்சிகள் நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சியமாகத் திரையிடப்பட்டன. திரும்பி வந்தவர், குண்டு பட்டால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதைக் காட்டியே தீருவது என்று ‘ஷேன்’ படத்தில் இறங்கினார்.

டோரி சாகும் காட்சியைப் பாருங்கள். தெருவெல்லாம் சேறு, வானத்தில் இடி. மேலே பலகை நடைபாதையில், கையுறையை நிதானமாக மாட்டியபடி கூலிக் கொலையாளி வில்சன். கீழே வழுக்கி வழுக்கி நடக்கும் குடியானவன் டோரி. வில்சன் சீண்டுகிறான், டோரி ரோஷப்பட்டுத் துப்பாக்கியை எடுக்கிறான். அது பாதி எழுவதற்குள் வில்சனின் துப்பாக்கி அவனைக் குறிபார்த்து நிற்கிறது. உடனே சுடவில்லை. ஒரு கணம் நிற்கிறான். அப்புறம்தான் அந்த வெடி. டோரி சரிவதில்லை, பின்னால் வீசியெறியப்பட்டு மல்லாக்க விழுகிறான். நடிகர் எலிஷா குக்கின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கட்டிச் சுண்டி இழுத்திருக்கிறார்கள். கூட வந்தவன் பிணத்தைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போவதையும் காட்டுகிறார் ஸ்டீவன்ஸ்.

வில்சனாக வரும் ஜாக் பாலன்ஸுக்கு உண்மையில் குதிரை ஒத்துவரவில்லையாம். அவர் குதிரையிலிருந்து இறங்கிய ஒரு ஷாட் மட்டும் நன்றாக அமைந்ததாம். அதையே பின்னோக்கி ஓட்டி, ஏறுவதாகக் காட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

இன்னொரு கதை நடிகர் வாரன் பீட்டி சொல்வது. 1967-இல் வெளிவந்த ‘போனி அண்ட் கிளைட்’ படத்தைத் தயாரித்தபோது ஸ்டீவன்ஸின் சத்தத்தை மனதில் வைத்தே வெடிகளைச் சேர்த்திருந்தார். லண்டனில் திரையிட்டால் வெடியெல்லாம் புஸ்ஸென்று கேட்கிறது. ஆபரேட்டர் அறைக்கு ஓடினார். அந்த மனிதரோ, பேசும் இடத்தில் ஒலியைக் கூட்டவும் சுடும் இடத்தில் குறைக்கவும் அட்டவணையே போட்டு வைத்திருந்தார். இவ்வளவு மோசமாக ஒலி சேர்த்த படம் ‘ஷேனு’க்குப் பிறகு தன் கைக்கு வரவில்லை என்று அலுத்துக்கொண்டாராம். ஆஸ்கர்காரர்களும் ஏறக்குறைய அந்த ஆபரேட்டர் கட்சிதான்: ‘ஷேனு’க்கு ஆறு பரிந்துரைகள், ஒளிப்பதிவுக்கு விருது, ஒலிக்குப் பரிந்துரைகூட இல்லை.

ஷேனின் புது வாழ்வுக்கும் இந்த வெடிச் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. வீட்டுப் பையன் ஜோயி விளையாட்டாகத் துப்பாக்கியின் சுத்தியலை இழுக்கும் சின்ன ‘க்ளிக்’குக்கே ஷேன் சுழன்று திரும்பி இடுப்பில் கைவைக்கிறான். பிறகு அதே பையனுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்க ஒரு வெள்ளைக் கல்லைச் சிதறடிக்கிறான். பையன் வாய்பிளந்து நிற்க, கல்யாண உடையில் வந்த தாய் மேரியன், என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்கிறாள். துப்பாக்கியும் கோடாரி, மண்வெட்டி மாதிரி ஒரு கருவிதான், நல்லதும் கெட்டதும் வைத்திருப்பவன் கையில் என்று ஷேன் வாதாடுகிறான். வசனத்தில் அவன் கட்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் சற்றுமுன் கேட்ட வெடி இன்னும் நம் காதில் இருக்கிறதே! எந்த மண்வெட்டி அப்படிச் சத்தம் போடும்? ஸ்டீவன்ஸ் வசனத்தை ஷேனிடம் கொடுத்துவிட்டு, ஒலியை மேரியன் பக்கம் நிறுத்திவிட்டார். என் தீர்ப்பும் மேரியன் பக்கமே.

கல்லறை வழியாகப் போகும் குதிரையை அடுத்த வாரம் கட்டாயம் மறித்துவிடுகிறேன். அதற்குள் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டோரி சேற்றில் இறங்கும்போது ரிமோட்டை மட்டும் தொடாதீர்கள்.

(தொடரும்)