பரிசோதனைகளை வகுத்து வைத்தல்



அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டாவன்போட் நகரில், 1895 ஆம் ஆண்டு டானியல் டேவிட் பாமர் என்பவர் தொடக்கிய சிகிச்சை முறை கைரோபிராக்டிக் எனப்படுவது. முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையினாற் சீர்செய்ய முனையும் முறை அது. அதன் பயன்பற்றி மருத்துவ உலகில் வாதங்கள் உண்டு. அவற்றுள் இப்பொழுது நாம் புகவேண்டியதில்லை. அச்சிகிச்சை நிலையங்களில் நோயாளியின் குறிப்புகளைக் கணினியிற் பதியும்போது, பரிசோதனைகளை எவ்வாறு கோப்புறைகளில் வகுப்பது என்பதையே இங்கு ஆராய எண்ணுகிறேன். சிறு காரியந்தான், ஆயினும் ஒருவர் பின்னாளில் நடமாடுவதும் முடங்குவதும் சில வேளை அதனைப் பொறுத்தனவாகும்.

பரிசோதனைகள் மிகப் பல. அவற்றை அகரவரிசையில் நீண்ட பட்டியலாக இட்டால், நோயாளி வலியோடு காத்திருக்க, வைத்தியர் திரையைத் துழாவிக்கொண்டிருப்பார். எனவே கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என உறுப்பு வாரியாகக் கோப்புறை வகுப்பதே வழக்கம். ஒவ்வொன்றினுள்ளும், நின்றவாறு செய்வன, இருந்தவாறு செய்வன, மல்லாந்து செய்வன, குப்புறக் கிடந்து செய்வன என்று முறைப்படுத்துவது மேலும் நன்று. இடுப்பு நொந்தவரை நான்கு முறை எழுப்பிப் படுக்கவைப்பது வைத்தியமன்று.

பெயரிடுவதிலும் சிக்கல் உண்டு. மல்லாந்து கிடப்பவரின் காலை முழங்கால் மடங்காமல் உயர்த்திப் பார்க்கும் சோதனை ஒன்றுளது. ஏறத்தாழ 30 முதல் 70 பாகை உயர்வுக்குள் வலி காலின்வழி கீழே ஓடுமாயின், நரம்பு வேர் நெருக்குண்டிருக்கலாம் என ஐயுறுவர். பிரெஞ்சு வைத்தியர் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் 1881 இல் இதனை எழுதியமையால், சோதனைக்கு ஆசிரியர் பெயரே நிலைத்தது. ஒரு வைத்தியர் 'லசேக்' என்றும், மற்றவர் 'நேர்க்கால் உயர்த்தல்' என்றும் பதிந்தால், கணினிக்கு அவை இரு வேறு சோதனைகள். சென்ற மாதம் 40 பாகையில் வலித்த கால் இம்மாதம் 60 வரை உயர்ந்தது என்னும் நற்செய்தி எங்கும் தோன்றாது. ஒரு சோதனைக்கு ஒரு பெயரே இருத்தல் வேண்டும். அது இரண்டு கோப்புறைகளுக்கு உரியதாயின், பிரதி எடுத்து வைக்காமல், அந்த ஒரே பதிவை இரண்டிலும் காட்டச் செய்யவேண்டும்.

இனி, முக்கியமானதொன்று. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் நரம்புகள் குதிரைவால் போற் கற்றையாக இறங்குகின்றன. பிதுங்கிய பெரிய வட்டு ஒன்று அவற்றை நெருக்கினால், சிறுநீர் கழிப்பது தடைப்படும். குதிரைச் சேணம் படும் இடங்களில் விறைப்பு உண்டாகும். இரு கால்களும் தளரக்கூடும். இது அவசர சத்திரசிகிச்சையை வேண்டும் நிலை. தாமதித்தால் குறை நிரந்தரமாகலாம். இவற்றை அறியும் வினாக்களும் உணர்ச்சிச் சோதனையும் 'நரம்பியல்' என்ற தனிக் கோப்புறையில் இருந்தால், இடுப்புவலிக்காக 'இடுப்பு' கோப்புறையைத் திறப்பவர் கண்ணில் அவை படமாட்டா. நூல்களின் பாகுபாடு எவ்வாறாயினும், அவை இடுப்புக் கோப்புறையின் தலையில் நிற்கவேண்டும் என்பேன்.

கோப்புறை முழுவதையும் ஒரே அழுத்தத்தில் 'இயல்பு' எனக் குறிக்கும் வசதியை எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பாடசாலை வரவு இடாப்பில், முகம் பாராமல் எல்லோருக்கும் வரவு இடுவதற்கு ஒப்பானது அது. காலை உயர்த்திப் பாராமலே 'இயல்பு' என்று எழுதிவிட்டால், அடுத்துப் பார்க்கும் வைத்தியர் அதை நம்பிவிடுவார். ஒவ்வொரு சோதனைக்கும் 'இயல்பு', 'இயல்பன்று' என்பவற்றோடு 'செய்யப்படவில்லை' என்ற மூன்றாவது கட்டமும் இருக்கவேண்டும். கோப்புறை திறக்கும்போது அம்மூன்றாவதே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கவேண்டும்.