பிழையான முன்பதிவும் நம் உரிமையும்

முன்னாளில் தொலைதூரப் பயணம் என்றால் நிலையத்துச் சாளரத்தின் முன் வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பி எழுத்தரிடம் நீட்ட வேண்டும். அவர் அதை ஒருமுறை வாசிப்பார். நாளிலோ ஊரிலோ ஐயம் தோன்றினால், "இந்த நாள்தானா?" என்று கேட்பார். அந்த ஒரு வினா பலரைப் பிழையினின்று காத்தது. இன்று அச்சாளரம் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பயணியே எழுத்தர், பயணியே காசாளர். கேட்பார் ஒருவரும் இலர். விரல் சற்றே பிசகினால், ஏழைக் குடும்பம் ஒன்று பல திங்களாகச் சேர்த்த பணம் நொடியில் கைவிட்டுப் போகிறது. பதறிக் கேட்டாலோ, "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற ஒரு வரியே விடையாக வருகிறது. அவ்வரியைக் கண்டதும் நம்மவர் பலர் வாய்மூடி அடங்கிவிடுகின்றனர். அங்ஙனம் அடங்க வேண்டியதில்லை என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பெயரால் விளையும் இடர்

நம் இல்லங்களில் இப்பிழை மிகுதியாக நேர்வது பெயரில்தான். அந்தோணி என்னும் பெயரை ஆங்கிலத்தில் 'எச்' என்ற எழுத்தைச் சேர்த்தும் எழுதுகிறோம், சேர்க்காமலும் எழுதுகிறோம். சவேரியார் பெயரைத் தாங்கியவர் ஒருவர் 'எக்ஸ்' என்று தொடங்குவார், மற்றொருவர் 'எஸ்' என்று தொடங்குவார். ஞானஸ்நானச் சான்றிதழில் ஒருவிதம், பள்ளிச் சான்றிதழில் ஒருவிதம், ஆதார் அட்டையில் வேறுவிதம் என ஒருவருக்கே மூன்று எழுத்துமுறைகள் இருப்பதும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைப்பது நம் வழக்கம். கடவுச்சீட்டிலோ அது தந்தையின் முழுப் பெயராக விரிந்து நிற்கும். குடும்பப் பெயர் எது, தனிப் பெயர் எது என்று கணினி கேட்கும்போது இரண்டையும் இடம் மாற்றி நிரப்பிவிடுகிறோம். அயல்நாட்டில் வேலைக்குச் சேரவேண்டிய ஓர் இளைஞரின் சீட்டில் இப்பிழை இருப்பின், அவர் இழப்பது சீட்டின் விலையை மட்டுமா? விமான நிலைய வாயிலிலேயே அவருடைய வேலைவாய்ப்பும் தடைப்படலாம் அன்றோ?

சட்டம் கூறுவது என்ன?

முதற்கண் நமக்கு எதிராக உள்ளதையும் ஒளிக்காமல் கூறிவிடுவோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பார் மட்டும் ஒரு செய்தியைத் தவறாக எண்ணிக்கொண்டார் என்பதற்காக ஒப்பந்தம் அழிந்துபடாது. ஆகவே பத்தாம் நாளுக்குப் பதிலாகப் பதினொன்றாம் நாளைக் குறித்துவிட்டு, முழுப் பணத்தையும் உரிமையாகக் கேட்க இயலாது.

எனினும், நம் பிழையைக் காட்டி விற்பவர் தம் விருப்பம்போல் தண்டம் விதிக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் மற்றவருக்கு நியாயமான இழப்பீடே உரியது என்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னேறி, விற்பவருக்கு நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர்மீது சுமத்தும் ஒப்பந்தத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று வகைப்படுத்துகிறது. அத்தகைய நிபந்தனையைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திற்கும் தேசிய ஆணையத்திற்கும் உண்டு.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் மேலும் இரண்டு காப்புகளைத் தந்துள்ளன. விற்கும் நிறுவனம் தானாகவே ரத்து செய்யும்போது அதையொத்த கட்டணத்தைத் தான் ஏற்காதாயின், நுகர்வோரிடமும் ரத்துக் கட்டணம் வாங்கலாகாது. மேலும், நம் ஒப்புதலைக் குறிக்கும் கட்டத்தில் நிறுவனமே முன்னதாகக் குறியிட்டு வைத்தலும் கூடாது. நாம் கேளாத காப்பீடும் நன்கொடையும் கட்டணத்தில் சேர்ந்திருந்தால், அதை நம் பிழையென்று எண்ணி வருந்த வேண்டா. 2023-ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டு நெறிகள் இத்தகைய சூழ்ச்சிகளை முறையற்ற வணிகமாகத் தடை செய்துள்ளன.

விமானச் சீட்டுக்கு உரிய விதிகள்

விமானப் பயணத்தைப் பொறுத்தமட்டில், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிகளை நம்மவர் அறிந்திருத்தல் நலம். முன்பதிவு செய்த 24 மணி நேரத்திற்குள், பயணியின் பெயரில் எழுத்துப் பிழை உள்ளதென்று தெரிவித்தால், அதே மனிதருக்கு அதைத் திருத்தித் தர விமான நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது. விமான நிறுவனத்திடமே நேரே பதிவு செய்தவர்க்கு இவ்வுரிமையைப் பெறுதல் எளிது. சீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றுவதற்கு இவ்விதி இடம் தராது.

இரண்டாவது விதி இன்னும் இன்றியமையாதது. திருப்பித் தரப்படாது என்று விற்கப்பட்ட சலுகைச் சீட்டாயினும், நாம் அதை ரத்து செய்தாலோ பயணம் செய்யாமல் விட்டாலோ, அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். அப்பணம் நிறுவனத்தின் விலையன்று. அரசுக்கும் நிலையத்துக்கும் செலுத்துவதற்காக நம்மிடம் பெற்றதாகும். ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் ஆகிய இரண்டின் கூட்டுத் தொகையைத் தாண்டலாகாது. முகவர் வழியாக வாங்கிய சீட்டுக்கும் பணம் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும். அயல்நாட்டு நிறுவனங்களோ தத்தம் நாட்டு விதிகளின்படி பணம் திருப்பும் என்பதையும் நினைவிற்கொள்க.

புகைவண்டியில், உறுதி செய்யப்பட்ட சீட்டைத் தாய், தந்தை, உடன்பிறந்தார், மக்கள், கணவன் அல்லது மனைவி ஆகியோருள் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக, உறவை மெய்ப்பிக்கும் சான்றுடன் முன்பதிவு அலுவலகத்தை அணுக வேண்டும்.

பிழை யாருடையது?

முறையிடுமுன் இவ்வினாவை நேர்மையோடு நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் சரியாக நிரப்பியும் தளமோ முகவரோ மாற்றிப் பதிந்திருந்தால், அது சேவைக் குறைபாடு. முழுத் திருத்தத்தையும் இழப்பீட்டையும் கேட்கலாம். விளம்பரத்தில் காட்டிய அறை வேறு, கொடுத்த அறை வேறு என்றாலும் அவ்வாறே. பிழை நம்முடையதாயின் அதை மறைத்து, நிறுவனத்தின்மேல் பழி சுமத்துவது நமக்குத் தகாது. பொய் கூறாமலேயே வரியையும், மிகையான தண்டத்தையும் திரும்பக் கேட்க நமக்கு உரிமை உண்டு. உண்மையை மறைத்தவன் பின்னர் தன் நியாயமான பங்கையும் இழப்பான்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்தும் சீட்டு வராமற் போவதும் உண்டு. பதற்றத்தில் மறுமுறை பதிவு செய்து இருமடங்கு செலுத்துவோர் பலர். இவ்வாறு உறுதிச் செய்தி கிட்டாமல் கழிந்த தொகை ஐந்து நாட்களுக்குள் தானே திரும்ப வேண்டும் என்றும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019-இல் ஆணையிட்டுள்ளது. எனவே மறுமுறை செலுத்துமுன் சற்றே பொறுத்து, கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

சீட்டு வந்தவுடன், அதே நேரத்தில் அதைத் திறந்து, கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ அருகில் வைத்து, பெயர், நாள், ஊர், நேரம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நள்ளிரவு 12 மணியைத் தாண்டிய பயணமாயின் நாளை இருமுறை பாருங்கள். பிழை கண்டால் மறுநாளைக்கென்று வைக்காதீர்கள். தொலைபேசியில் பேசினாலும், மின்னஞ்சல் வழியாக எழுத்திலும் தெரிவியுங்கள். திரையில் தோன்றியவற்றைப் படமெடுத்துச் சேமியுங்கள். திரும்பவேண்டிய தொகையை, வரி இவ்வளவு, கட்டணம் இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

மின்வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்திற்குள் முறையீடு கிடைத்ததென்று தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவேண்டும். அங்கே பயனில்லையெனில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தமிழிலேயே அழைக்கலாம். இறுதியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த நகரில் இருப்பினும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

படித்த இளைஞர்கள் அண்டை வீட்டு முதியவருக்காகச் சீட்டுப் பதியும்போது, அந்த நாளைய எழுத்தரைப்போல, "இந்த நாள்தானா? இந்தப் பெயர்தானா?" என்று ஒருமுறை கேட்டுப் பதிவார்களாக. உழைத்து ஈட்டிய காசைக் காப்பதும், நியாயமாகத் திரும்பவேண்டியதைத் தயங்காமல் கேட்டுப் பெறுவதும் பேராசை ஆகா. அவை குடும்பத்திற்கு நாம் செய்யவேண்டிய கடமையேயாகும்.