ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும் ரோலெக்ஸ் டேட்டோனாவும்: சேகரிப்பாளர் நோக்கில் ஓர் ஒப்பீடு

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ரோலெக்ஸ் காஸ்மோகிராஃப் டேட்டோனா ஆகிய இரண்டும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குரோனோகிராஃப் வகைக் கைக்கடிகாரங்கள். நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தி ஓடவிட்டு நிறுத்தக்கூடிய தனி முள்ளும் கொண்டது குரோனோகிராஃப். பழைய கடிகாரங்களைச் சேகரிப்போர் இவ்விரண்டின் தொடக்ககால மாதிரிகளை அடிக்கடி ஒப்பிடுவர். எந்தப் பெயர் பெரிது என்பதைவிட, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் எது மாறாமல் இருக்கிறது என்பதே அவர்களுக்கு முதற்கேள்வி.

ஒற்றுமைகள்

ஸ்பீட்மாஸ்டர் 1957இல் 2915 என்ற மாதிரி எண்ணுடன் வெளிவந்தது. டேட்டோனாவின் முதல் மாதிரியான 6239, 1963இல் வந்தது. இரண்டிலும் மூன்று சிறு வட்டங்கள் உள்ளன: 9 மணிப் பக்கம் நொடி, 3 மணிப் பக்கம் 30 நிமிடம், 6 மணிப் பக்கம் 12 மணி நேரம். வேகத்தைக் கணக்கிடும் அளவுகோல் முகப்பில் அல்லாமல் வெளி வளையத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் கையால் சாவி கொடுக்க வேண்டும். உள்ளியந்திரங்கள் இரண்டும் பிற நிறுவனங்களின் அடிப்படையில் உருவானவை: ஸ்பீட்மாஸ்டரின் 321 லெமானியாவையும், டேட்டோனாவின் இயந்திரம் வால்ஜூ 72ஐயும் சார்ந்தவை.

புகழ் வந்த வழி

இரண்டுமே கார்ப் பந்தயத்தை மனத்தில் கொண்டு உருவானவை. ஸ்பீட்மாஸ்டரின் பாதையை மாற்றியது நாசா. கடும் வெப்பம், குளிர், அதிர்ச்சி, ஈரப்பதம் ஆகிய சோதனைகளுக்குப் பின் 1965இல் விண்வெளிப் பயணங்களுக்கு அது ஏற்கப்பட்டது. அதே சோதனையில் ரோலெக்ஸ் குரோனோகிராஃப் ஒன்று தேறவில்லை. 1969இல் பஸ் ஆல்ட்ரின் நிலவில் ஸ்பீட்மாஸ்டரை அணிந்திருந்தார்.

டேட்டோனா ஃபுளோரிடாவின் பந்தயத் திடலின் பெயரைத் தாங்கியது. சிறு வட்டங்களில் வித்தியாசமான எண்ணெழுத்துகளும், கோடுகளின் முனையில் சிறு சதுரங்களும் கொண்ட அதன் ஒரு முகப்பு அக்காலத்தில் மந்தமாகவே விற்றது. நடிகர் பால் நியூமன் அத்தகைய கடிகாரம் ஒன்றை அணிந்ததால், பின்னர் அந்த முகப்புக்கு அவர் பெயரே நிலைத்தது. அவருடைய சொந்த 6239, அக்டோபர் 2017இல் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

எங்கே ஏமாறலாம்

இரண்டிலும் ஆபத்து ஒரே இடத்தில் இல்லை.

டேட்டோனாவில் 12 மணிப் பக்கம், பட்டை பொருந்தும் கால்களுக்கு இடையில் மாதிரி எண்ணும், எதிர்ப்பக்கம் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டையைக் கழற்றினாலே தெரியும். இவை கூட்டின் வயதைச் சொல்லும். முகப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. சாதாரண 6239இல் பால் நியூமன் முகப்பை மாற்றிப் பொருத்தினால் எண்கள் காட்டிக்கொடுக்காது. விலை வேறுபாடோ மிகப் பெரிது. ஆகவே இங்கு முகப்பே முதல் ஆய்வுப் பொருள்.

ஸ்பீட்மாஸ்டரில் மாதிரி எண் பின்மூடியின் உட்புறத்திலும், தொடர் எண் உள்ளியந்திரத்திலும் இருக்கும். இரண்டையும் காணத் திறந்தாக வேண்டும். ஒரு கடிகாரத்தின் மூடி, மற்றொன்றின் இயந்திரம், மூன்றாவதன் வளையம் என ஒன்று சேர்ப்பது இதில் எளிது. ஆகவே உறுப்புகள் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்பதே இங்கு முதற்கேள்வி.

இதற்குப் பெரிய சான்று 2021இல் ஜெனீவாவில் நடந்த ஏலம். பழுப்பேறிய முகப்புடைய 2915-1 ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் விற்றது, வாங்கியது ஒமேகாவே. அது பல கடிகாரங்களின் உறுப்புகளால் ஆனது என்றும், முன்னாள் ஊழியர் மூவருக்கு இதில் தொடர்பு உண்டு என்றும் 2023இல் அந்நிறுவனம் தெரிவித்தது. தயாரித்த நிறுவனமே ஏமாறக்கூடும் என்பதை இது காட்டியது.

பொதுவான சோதனைகள்

ஒளிப்பூச்சு: 1960களின் முகப்புகளில் டிரிட்டியம் பூசப்பட்டது. அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். எனவே இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது புதிதாகப் பூசப்பட்டது. முட்களின் நிறமும் முகப்புப் புள்ளிகளின் நிறமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்.

கூடு: மெருகு போடும்போது உலோகம் தேய்ந்து விளிம்புகள் மழுங்கும். இழந்த விளிம்பை முன்போலவே மீட்பது அரிது. கீறலோடு கூரான விளிம்புள்ள கூட்டையே சேகரிப்பாளர் விரும்புவர்.

பழுதுபார்ப்பு: பழைய முட்களையும் வளையத்தையும் கழற்றிப் புதியவை போடுவது அணிபவருக்கு நன்மை, சேகரிப்பாளருக்கு இழப்பு. கழற்றிய உறுப்புகளைக் கேட்டு வாங்கி வைத்தால் அந்த இழப்பு குறையும்.

தேர்வு

அன்றாடம் அணிய விரும்புவோருக்கு, எண்ணிக்கையில் மிகுதியாகக் கிடைக்கும் 1960களின் ஸ்பீட்மாஸ்டர் ஏற்றது. ஒப்பிட்டுப் பார்க்கப் பல கடிகாரங்கள் கிடைப்பதால் தவறுகளைக் கண்டுபிடிப்பதும் எளிது. பால் நியூமன் முகப்புள்ள டேட்டோனாவில், முதல் உரிமையாளரின் பற்றுச்சீட்டு, பழைய நிழற்படம் போன்ற தொடர்ச்சியான சான்றுகள் கடிகாரத்துக்கு இணையான மதிப்புடையவை.