லிட்டில் ராக் நகரில் வாடகை வீடு: கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

படிப்பு, மருத்துவப் பணி, ஐ.டி. வேலை என்று அமெரிக்கா செல்லும் நம் குடும்பங்கள் நியூயார்க், கலிஃபோர்னியா வாடகையைக் கேட்டு மலைத்துப் போகின்றன. அதனால்தான் ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக் போன்ற ஊர்கள் கண்ணில் படுகின்றன. ஆர்கன்சா நதிக்கரையில் உள்ள இந்நகரின் மக்கள் தொகை சுமார் 2 லட்சம்தான். பெருநகரங்களில் ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே குடும்பத்தோடு தங்கும் வீடே கிடைத்துவிடும். யூ.ஏ.எல்.ஆர் பல்கலைக்கழகத்துக்கு அருகில், ஆன்னா தெருவில் பள்ளிவாசலும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

வாடகை குறைவு என்பது ஒரு பக்கம். மாநிலச் சட்டம் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பக்கமே நிற்கிறது என்பது மறுபக்கம். இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வாடகை செலுத்தாமல், 10 நாள் எழுத்து மூல அறிவிப்புக்குப் பிறகும் வீட்டைக் காலி செய்யாதவர் மீது ஆர்கன்சாவில் குற்ற வழக்கே தொடுக்கலாம். மற்ற மாநிலங்களில் இது சிவில் வழக்கோடு நிற்கும். விசா, கிரீன் கார்டு விண்ணப்பங்களில் கைது, வழக்கு விவரங்களைக் கேட்பார்கள் என்பதால் நம்மவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. 'குழாய் ரிப்பேர் செய்து தரவில்லை, வாடகையை நிறுத்தி வைக்கிறேன்' என்று ஊர் வழக்கப்படி கிளம்பினால் சிக்கல்தான்.

ரிப்பேர் விஷயத்திலும் நிலைமை நீண்ட காலம் மோசமாகவே இருந்தது. வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதியே 2021-ல்தான் சட்டமானது. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, ஒழுகாத கூரை, ஒப்பந்தத்தின்போது இருந்த ஹீட்டர், ஏ.சி. இவை வேலை செய்ய வேண்டும். குறை இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 30 நாளில் சரி செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று வெளியேறலாம். பாக்கி இல்லாமல் வாடகை கட்டியிருந்தால்தான் இந்த உரிமை. வெளியேறுவதைத் தாண்டி அச்சட்டம் பெரிதாக எதையும் தருவதில்லை.

ஆகவே உறுதிமொழிகளை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 'கார்பெட் மாற்றித் தருகிறோம்' என்றால் அது ஒப்பந்தத்தில் வரட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரத்துல் பகராவும், ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரத்துல் மாயிதாவின் முதல் வசனமும் ஏவுகின்றன. வாடகையும் காலமும் தெளிவாகத் தெரிந்திருப்பது ஃபிக்ஹு நூல்களில் வாடகை உடன்படிக்கையின் நிபந்தனையும் கூட. ஓராண்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும், தாமதக் கட்டணம் என்ன என்பதைப் படித்துப் பாருங்கள். தாமதக் கட்டணம் பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. தேதி தவறாமல் கட்டிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

புதிதாக வருபவருக்கு கிரெடிட் ஸ்கோர் இருக்காது. பல நிறுவனங்கள் வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம் எதிர்பார்க்கும். வேலை நியமனக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்டிப் பேசலாம். இதற்காக வட்டிக் கடனில் போய் விழத் தேவையில்லை.

மதம், பிறந்த நாடு காரணமாக வீடு மறுப்பதை 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சி வீட்டு வசதிச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகள் உள்ள குடும்பம் என்று மறுப்பதையும் 1988-ல் வந்த திருத்தம் தடை செய்தது. ஹிஜாபைப் பார்த்ததும் 'வீடு போய்விட்டது' என்று சொன்னதாகச் சந்தேகம் வந்தால், ஓராண்டுக்குள் கூட்டாட்சி வீட்டு வசதித் துறையில் புகார் செய்யலாம்.

ஆற்றோர வீடு அழகுதான். ஆனால் 2019 மே, ஜூனில் இந்த நதி பெருக்கெடுத்து மாநிலத்தின் பல பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2023 மார்ச் 31, ரமளான் மாதத்து வெள்ளிக்கிழமை, சூறாவளி நகரின் மேற்குப் பகுதியைப் புரட்டிப் போட்டது. பல உரிமையாளர்கள் கேட்கும் சாதாரண வாடகைதாரர் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்காது. காப்பீட்டின் மார்க்கச் சட்டத்தை நம்பகமான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; தாழ்வான பகுதியா என்பதை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பஸ் வசதி குறைவு. கார் இல்லாதவர் பள்ளிவாசலுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

டெபாசிட் பற்றி ஒன்று. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதல்: ஐந்துக்கு மேல் வீடுகளை வாடகைக்கு விடுபவர் இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த 60 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் அதன் பட்டியலோடு, மீதியைத் தர வேண்டும். குடிபுகும் அன்றே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுக்க மறக்காதீர்கள். காசோலை அந்த முகவரிக்குத்தான் வரும்.