மனச்சோர்வு மாத்திரை: பத்தே நாளில் ஏன் கேட்பதில்லை?

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி, ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள் அவற்றில் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வந்தால், 'மனசு சரியில்ல' என்று மருத்துவரிடம் சொல்வது அபூர்வம். 'உடம்பு ஒரே அசதி, ராத்திரி தூக்கமே இல்ல' என்பார். சத்து மாத்திரையோடு வீடு திரும்புவதும் உண்டு.

கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடினார்கள். மனநலப் பிரிவில் அல்ல, மாவட்ட மருத்துவமனைகளின் பொதுப் புறநோயாளிகள் பிரிவில். மனச்சோர்வு, பதற்றம் உள்ள 450 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்ளூக்ஸெடின், இன்னொன்றுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை, மூன்றாவதற்கு ஆலோசனை. 2003-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: 2 மாதத்தில் ஃப்ளூக்ஸெடின் போலி மாத்திரையை முந்தியது. ஆலோசனை முந்தவில்லை. (அதற்காகப் பேச்சு சிகிச்சையை ஓரங்கட்ட வேண்டாம். 2017-ல் அதே கோவாவில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுத்த வேறொரு வகை சிகிச்சை நன்றாகவே பலித்தது.)

கவனியுங்கள், 2 மாதம். காய்ச்சல் மாத்திரை மாதிரி ஒரே ராத்திரியில் கேட்காது. தெளிவு தெரிய பொதுவாக 2 முதல் 4 வாரமாவது ஆகும். ஆனால் குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். தொல்லை முதலில், பலன் பின்னால்! 'பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துவது இங்கேதான். மறுபடி மருத்துவமனை போனால் ஒரு நாள் கூலி போகுமே என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் தூக்கத்தை இழுக்கும். சரிவில் நின்று வேலை செய்பவர், ஜீப் ஓட்டுபவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

'இப்பத்தான் நல்லாயிட்டேனே, எதுக்கு மாத்திரை?' என்ற கேள்விக்கு பிரிட்டனில் 2021-ல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. நீண்ட நாள் மருந்து எடுத்து, நலமாக இருந்த 478 பேர் அதில் இருந்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் உண்டுதான். ஆனால் எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்று பலர் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.

தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போனிலேயே பேச டெலி மானஸ் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் தங்கி வேலை பார்த்தாலும் எண் இதேதான்.